கெஸ்ஸா, எஸ்டிமேட்டா? மதிப்புச் சொல்லும் ஆங்கில வினைகளைப் பழகும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவராகச் சேர்ந்த புதிது. 5,000 டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்று வெளிநாட்டு பையர் கேட்டிருந்தார். உட்கார்ந்து கணக்குப் போட்டு, 'ஐ கெஸ் 1,200 கிலோ' என்று மெயில் தட்டிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: தயவுசெய்து கணக்குப் போட்டு அனுப்பவும்.

போட்ட கணக்கைத்தானே அனுப்பினேன்! மேனேஜர் அண்ணன் மெயிலைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏங்கண்ணு, கணக்குப் போட்டுத்தான சொன்னே? அப்புறம் எதுக்கு கெஸ்னு எழுதுனே? வாயில வந்ததச் சொன்னாப்புல ஆயிருச்சு பாரு."

எண் சரியாக இருந்தது, வினைதான் காலை வாரிவிட்டது. அந்த எண்ணை எப்படிப் பிடித்தோம் என்பதை ஆங்கிலத்தில் வினையே சொல்லிவிடும். அதனால் 'எஸ்டிமேட்' என்ற வினையை நடுவில் வைத்து, அதன் பங்காளிகளைச் சுற்றிலும் உட்கார வைத்துப் பழகலாம். ஒரு நோட்டு இருந்தால் போதும்.

படி 1: உச்சரிப்பு

இது சின்ன வேலை. வினையாக வரும்போது கடைசி அசை நீளும்: எஸ்டிமேட். பெயராக வரும்போது அது சுருங்கி, கிட்டத்தட்ட 'எஸ்டிமட்' என்று ஒலிக்கும். நாம் இரண்டையும் 'மேட்' என்றே நீட்டுகிறோம். "வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டாச்சுங்களா?" என்று கேட்கும்போது அது பெயர். தமிழ்ப் பேச்சில் அப்படியே இருக்கட்டும், ஆங்கிலம் பேசும்போது மட்டும் பிரித்துச் சொல்லுங்கள்.

படி 2: பொருளைக் கையில் பிடியுங்கள்

மதிப்பிடு, உத்தேசமாகக் கணக்கிடு. கையில் இருக்கும் தகவலை வைத்து, உண்மையான எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்வது. விலைமதித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மதிப்பு, மரியாதை என்ற பொருளில் வரும் 'எஸ்டீம்' இதன் உடன்பிறப்பு. நம் 'மதிப்பு'ம் காசுக்கும் மரியாதைக்கும் சேர்த்தே ஓடுகிறது, கவனித்தீர்களா?

என்னை மாட்டிவிட்ட அந்த 1,200 கிலோவையே எடுத்துக்கொள்வோம். சட்டை நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10. கூட்டினால் 104. பாதி மார்பளவு 54, தையலுக்கு 4, ஆக 58. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர செ.மீ., அதாவது 1.2 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. துணி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம். அப்படியானால் ஒரு பீஸுக்கு 217 கிராம். கட்டிங் வேஸ்டேஜ் 10 சதவீதம் சேர்த்தால் 239. அதை 5,000 பீஸுக்குப் போட்டால் 1,195 கிலோ. முழுசாக்கி 1,200.

இதில் நிச்சயம் இல்லாதது அந்த 10 சதவீதம்தான். கட்டிங் மாஸ்டரின் கையைப் பொறுத்து அது கூடும், குறையும். மற்றதெல்லாம் அளந்தோ எடைபோட்டோ பார்த்தது. இப்படி அளவும் அனுபவமும் கலந்து வரும் எண்ணுக்குத்தான் எஸ்டிமேட்.

படி 3: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

தொகையோ அளவோ வந்தால் அதற்கு முன்னால் 'அட்' போடுங்கள்: 'வீ எஸ்டிமேட் த வெயிட் அட் 1,200 கிலோஸ்.' முழு வாக்கியம் தொடர்ந்தால் 'தட்' போடலாம்: 'வீ எஸ்டிமேட் தட் வீ நீட் 1,200 கிலோஸ்.' கூடவே 'அபவுட்', 'அப்ராக்ஸிமேட்லி' எல்லாம் சேர்க்க வேண்டாம். உத்தேசம் என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. சேர்த்தால், "சுமாரா ஒரு பத்துப் பேரு போல இருப்பாங்க" என்கிற மாதிரி ஆகிவிடும்.

முன்னால் 'அண்டர்' சேர்த்தால் குறைத்து எடைபோடுதல், 'ஓவர்' சேர்த்தால் கூட்டி எடைபோடுதல். இவை ஆட்களுக்கும் வரும். "பொடியன்னு நெனச்சுட்டேனுங்க" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல 'அண்டர்எஸ்டிமேட்' கச்சிதம்.

படி 4: பங்காளிகள்

மனப்பாடம் செய்யாதீர்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டில் எத்தனை குவிண்டால் தேறும் என்று அறுவடைக்கு முன்னால் சொன்னால் எஸ்டிமேட். மண்டியில் வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி என்று பார்க்கிறாரே, அது 'அசெஸ்'. அங்கே பதில் எண்ணாக வர வேண்டியதில்லை; தரமா, தேறுமா என்பதுதான் கேள்வி. அடுத்த மாதம் விலை ஏறும் என்றால் அது 'ஃபோர்காஸ்ட்'. மூன்றையும் தமிழில் 'கணிப்பு' என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். அதனால்தான் ஆங்கிலத்தில் தடுமாற்றம்.

'அப்ரேஸ்' (appraise) உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நகைக்கடனுக்குப் போனால் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பவர் அப்ரேசர். பொருளை நேரில் பார்த்து, விவரம் தெரிந்தவர் விலைமதிப்பது. ஒரே ஓர் எழுத்து குறைந்து 'அப்ரைஸ்' (apprise) என்று இன்னொன்று உண்டு, அதற்கு 'தெரிவி' என்று பொருள். ஸ்பெல்லிங்கில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பலர் 'காஜ்' என்று படிக்கும் சொல் (gauge). உச்சரிப்பு 'கேஜ்'. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் இது மறக்காது: கோவையிலிருந்து வரும் பிராட் கேஜ் 1,676 மி.மீ., ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலின் மீட்டர் கேஜ் 1,000 மி.மீ. நிட்டிங் மெஷினிலும் கேஜ் உண்டு, ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்பதுதான் அது. வினையாக வரும்போது அளப்பது, அப்புறம் நாடி பிடித்துப் பார்ப்பது. பையர் விலைக்கு இறங்கி வருவாரா என்று முகத்தைப் பார்த்து நோட்டம் விடுகிறோமே, அதற்கு 'கேஜ்'தான் சரி.

'கால்குலேட்' என்பது துல்லியக் கணக்கு. கூழாங்கல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அந்தக் காலத்தில் கல் வைத்து எண்ணியதால். 'ரெக்கன்' என்பதும் பழைய காலத்தில் எண்ணுவதைக் குறித்ததுதான். இப்போது பேச்சில் 'நான் நினைக்கிறேன்' என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. "ஏக்கராவுக்கு இருவது மூட்டைக்குக் கொறையாதுங்க" என்று அப்பாரு திண்ணையில் சொல்வது ரெக்கன். எனக்குப் பிடித்த சொல், ஆனால் ஆபீஸ் மெயிலில் போட மாட்டேன்.

'கெஸ்' மோசமான சொல் ஒன்றுமில்லை. குத்துமதிப்பு. ஆதாரம் இல்லாதபோது அதைச் சொல்வதுதான் நேர்மையும்கூட. அமெரிக்கர்கள் 'ஐ கெஸ்' என்றால் பல நேரம் "அப்படித்தான் போல" என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, கோட்டேஷனையும் எஸ்டிமட்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். எஸ்டிமட் உத்தேசம், பிறகு மாறலாம். கோட்டேஷன் என்றால் இந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

படி 5: பயிற்சி

நோட்டை எடுங்கள். கீழே இருப்பதற்கெல்லாம் எந்த வினை வரும் என்று எழுதிவிட்டு அப்புறம் என் விடையைப் பாருங்கள்.

மாட்டுச் சந்தையில் தரகர் காங்கேயம் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, "நாலு பல்லு, மூணு வயசு இருக்குமுங்க" என்கிறார். எஸ்டிமேட், பல் ஆதாரம் இருக்கிறதே. அதே தரகர் துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்துக்கொண்டே, இவர் இன்னும் எவ்வளவு ஏறுவார் என்று முகத்தைப் பார்க்கிறார். கேஜ். பொள்ளாச்சித் தோப்பைக் குத்தகைக்குக் கேட்க வந்தவர் பத்து மரத்தை அண்ணாந்து பார்த்துக் காயை எண்ணி, மொத்த மரத்தால் பெருக்குகிறார். சந்தேகமே வேண்டாம், எஸ்டிமேட்.

கடைசியாக, போர் போடும் முன் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிறார். காய் எழுந்து நின்ற இடத்தில், "இங்க அறுநூறு அடியில தண்ணி" என்கிறார். நான் 'கெஸ்' என்று எழுதுவேன். எங்கள் அப்புச்சி இருந்திருந்தால் 'கால்குலேட்' என்றுதான் எழுத வைத்திருப்பார்.