மொத்த மார்க் போடாமல் இங்கிலீஷ் தேர்வு வைப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகக் காத்திருக்கும் பிள்ளைகள். மற்றவர்கள் பாலிடெக்னிக் பையன்கள், மார்த்தாண்டத்தில் கடைக் கணக்கு எழுதும் பெண்கள், குளச்சல் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரி மாணவர்கள். எல்லாருக்கும் இங்கிலீஷ் ஓரளவு தெரியும். பேப்பரில் தலைப்புச் செய்தி படித்தால் புரியும். ஆனால் போனில் யாராவது இங்கிலீஷில் பேசினால் பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டிவிடுவார்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட, மொழித் திறனை அளக்கும் ஆறு படி அளவுகோலில் இவர்கள் மூன்றாவது படியான பி1-ஐ ஒட்டி நிற்பவர்கள்.

இப்படிப்பட்ட மாணவர்களுக்குத் தேர்வு வைக்கும் டீச்சர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: ஒரு கேள்வி ஒரு திறனை மட்டும் அளக்க வேண்டும். சொல்வளம், இலக்கணம், எழுத்து, கேட்டல் நான்கையும் ஒரே தாளில் கலந்து நூற்றுக்கு 62 என்று போட்டால் அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று அந்த 62 சொல்லாது. நாலு தாள், நாலு மார்க். கூட்டவே கூடாது.

முதலில் சொல்வளம். 'இந்தச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுது' என்று கேட்காதீர்கள். நோட்ஸை மனப்பாடம் செய்தவர்கள் அதில் ஜெயித்துவிடுவார்கள். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியிலும் கண்ணை மூடி டிக் போட்டால் நாலில் ஒன்று சரியாகிவிடும். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 1983-இல் கொண்டுவந்த முறை இதைவிட நல்லது. ஒரு பக்கம் ஆறு சொற்கள், மறுபக்கம் மூன்று பொருள்கள் மட்டும். குருட்டாம்போக்கில் மூன்றையும் சரியாகப் பொருத்த 120-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. நான் வைக்கும் ஒரு தொகுப்பு: டிலே, பர்பஸ், டேமேஜ், அட்வைஸ், ஷோர், க்ராப். எதிரே 'லேண்ட் பை த ஸீ' என்பது போல மூன்று பொருள்கள். ஆறும் பெயர்ச்சொல்லாகவே இருக்க வேண்டும். ஒன்று வினைச்சொல்லாக இருந்தால் பொருள் தெரியாமலே இலக்கணத்தை வைத்து ஊகித்துவிடுவார்கள். பொருளை எழுதும் சொற்கள், கேட்கும் சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தச் சொற்களைக் கேட்பது? அதிகம் புழங்கும் முதல் 2000 சொற்களிலிருந்து பாதி, அடுத்த 1000-இலிருந்து மீதி எடுத்தால் இந்தப் படிக்குப் போதும். அரிய சொல்லைத் தேடிப் போக வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் தெரிந்த சொல்லின் தெரியாத பொருளில்தான் வருகிறது. 'ஷி ரன்ஸ் எ ஸ்மால் ஷாப்' என்ற வரியைக் கொடுத்து அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். கடை நடத்துகிறாள் என்று எழுதாமல் கடைக்கு ஓடுகிறாள் என்று எழுதுகிறவர்கள் எல்லா பேட்சிலும் இருப்பார்கள். 'ரன்' அவர்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்த சொல், ஆனால் ஒரே ஒரு பொருளில். டேக், கீப், கெட், டர்ன் மாதிரியான பத்துச் சொற்களை இப்படி வாக்கியத்தில் வைத்துக் கேட்டாலே உங்களுக்கு ஒரு மாதத்துக்கான பாடம் கிடைத்துவிடும்.

இலக்கணத் தாளில் விதியைக் கேட்க வேண்டாம். 'ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் என்றால் என்ன' என்ற கேள்விக்கு அழகாகப் பதில் எழுதுகிற பிள்ளைதான் அடுத்த நிமிடம் 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே' என்கிறது. அதனால் தொடர்ச்சியாக ஒரு பத்தியைக் கொடுத்து இடம் விட்டு நிரப்பச் சொல்லுங்கள். 1953-இல் வில்சன் டெய்லர் என்பவர் ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை வெளியிட்டார். அது ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று அளப்பதற்காக வந்தது. இலக்கணம் அளக்க வேண்டுமானால் கணக்குப் பார்த்து நீக்காமல், நாம் சோதிக்க விரும்பும் சொற்களை மட்டும் நீக்க வேண்டும்.

நான் மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பற்றி ஒரு பத்தி வைத்திருக்கிறேன். பறளியாற்றுக்கு மேலே போகிற அந்தப் பாலம் 1966-இல் கட்டப்பட்டது என்று வருகிற வரியில் 'வாஸ் பில்ட்' என்ற இடம் காலி. பில்ட் என்று மட்டும் எழுதுகிறவருக்குச் செயப்பாட்டுவினை தெரியவில்லை; ஈஸ் பில்ட் என்று எழுதுகிறவருக்குக் காலம்தான் பிரச்சினை. ஒரே தவறு போலத் தெரிந்தாலும் இருவருக்கும் மருந்து வேறு. திருத்தும்போது தவறு என்று மட்டும் குறிக்காமல் எந்த வகைத் தவறு என்று ஓரத்தில் ஓர் எழுத்துப் போட்டு வையுங்கள்.

காலி இடங்களில் பாதியை நம் ஊர்ப் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களுக்கு ஒதுக்குங்கள். எ, ஆன், த மூன்றும் கட்டாயம் வேண்டும். 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பதும் வேண்டும். மூணு வருஷமா வேலை பார்க்கிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் வருகிற தவறு அது. டிஸ்கஸ் அபவுட், டிடின்ட் வென்ட் என்ற தவறுகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டால் தாள் நிறைந்துவிடும். இருபது இடத்துக்கு மேல் வேண்டாம்.

எழுத்துத் தேர்வுக்கு வருவோம். லீவ் லெட்டர் கேட்காதீர்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் கடிதத்தை இங்கே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் எழுதுவார்கள். அதில் அளக்க ஒன்றும் இல்லை. மை வில்லேஜ், மை ஃபேவரிட் லீடர் எல்லாம் அதே கதைதான். மனப்பாடம் உதவாத ஒரு சூழலைக் கொடுங்கள். உதாரணமாக: 'இரண்டு நாள் லீவில் போனீர்கள். திரும்பும்போது ரயில் லேட். இப்போது வேலைக்கு வந்துவிட்டீர்கள். மேலாளருக்கு மெயில் எழுதுங்கள். ஏன் தாமதம் என்று சொல்லுங்கள், என்ன வேலை தவறிப்போனது என்று கேளுங்கள், எதை முதலில் முடிக்க வேண்டும் என்று கேளுங்கள்.' 100 சொற்கள் போதும். கேம்பிரிட்ஜின் பி1 ப்ரிலிமினரி தேர்விலும் எழுத்துப் பகுதியில் ஏறக்குறைய 100 சொற்களில் இரண்டு கேள்விகள்தான், 45 நிமிடம்.

மார்க் போடுவதற்கும் அந்தத் தேர்வின் முறையையே எடுத்துக்கொள்ளலாம். கேட்டது எல்லாம் வந்திருக்கிறதா, யாருக்கு எழுதுகிறோம் என்பதற்கு ஏற்ற தொனி இருக்கிறதா, வரிசையாக அமைந்திருக்கிறதா, மொழி எப்படி என்று நாலு கண்ணோட்டம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க்.

இது ஏன் முக்கியம் என்று இரண்டு விடைகளை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் எழுதினார்: 'ஐ கேம் பேக் டுடே. மை ட்ரெயின் வாஸ் லேட் டூ ஹவர்ஸ். வாட் ஒர்க் ஐ மிஸ்டு? ப்ளீஸ் டெல் விச் ஒர்க் ஐ டூ ஃபர்ஸ்ட்.' இன்னொருவர் 'வித் ரெஃபரன்ஸ் டு த சப்ஜெக்ட் சைட்டட் அபவ்' என்று தொடங்கி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, பிழையே இல்லாமல் முடித்துவிட்டார். வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. சிவப்புப் பேனாவோடு பிழை மட்டும் தேடினால் இரண்டாமவர்தான் கெட்டிக்காரர். ஆனால் மேலாளருக்குப் பயன்படுகிற மெயில் முதலாவது. அந்தப் பிள்ளைக்கு உள்ளடக்கத்தில் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், மொழியில் இரண்டு. என்ன செய்ய வேண்டும் என்று அந்த இரண்டு அவளுக்குச் சொல்லிவிடுகிறது, அந்த ஐந்து அவளுக்குத் தைரியம் கொடுக்கிறது. தைரியம் போய்விட்டால் இந்தப் பிள்ளைகள் வகுப்புக்கே வர மாட்டார்கள். இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

திருத்துவதற்கு முன் பெயரை மடித்து மறைத்துவிடுங்கள். முடிந்தால் பக்கத்து ஊரில் வகுப்பு எடுக்கும் இன்னொரு டீச்சரோடு தாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டல் தேர்வைத்தான் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். உண்மையில் வெளியே போகிற பிள்ளைக்கு முதலில் கைகொடுப்பது காதுதான். வார்டில் டாக்டர் சொல்வதை ஒரே தடவையில் பிடிக்க வேண்டும். டீச்சரே முன்னால் நின்று வாசிப்பதைக் கேட்டல் தேர்வு என்று சொல்ல முடியாது. உங்கள் குரலும் வாயசைவும் அவர்களுக்குப் பழகிப்போனவை. போனில் வேறு வேறு குரல்களைப் பதிவு செய்யுங்கள். குவைத்திலிருந்து லீவில் வந்த ஒரு நர்ஸ், திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் ஒரு மலையாளி, முடிந்தால் வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்ஆப்பில் யாராவது அனுப்பும் குரல். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம் இருந்தால் போதும்.

பேச்சுக்குள் ஒரு மனமாற்றத்தை வையுங்கள். 'நைன் ஓ க்ளாக் சந்திப்போம்... இல்லை, பஸ் லேட்டாகும், ஹாஃப் பாஸ்ட் நைன்' என்று வருகிற மாதிரி இங்கிலீஷில் எழுதிப் பேசச் சொல்லுங்கள். முதலில் காதில் விழுந்த எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறவர் யார், முடிவுவரை கேட்டவர் யார் என்று தெரிந்துவிடும். தர்ட்டீன், தர்ட்டி குழப்பமும் போன் நம்பரில் வருகிற 'டபுள் த்ரீ'யும் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும்.

எழுதிய கேள்விகளை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: ஒலிப்பதிவைக் கேட்காத ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். பொது அறிவை வைத்தே சரியாக எழுதிவிட்டால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கேள்வியைப் படிக்க முதலிலேயே ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும். விடையில் ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்கக் கூடாது. வெட்னஸ்டே என்று கேட்டு எழுத்தைத் தப்பாகப் போட்டவருக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது.

எத்தனை தடவை போட்டுக் காட்டுவது? பி1 ப்ரிலிமினரியில் ஒவ்வொரு பதிவும் இரண்டு தடவை வரும். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வில் 40 கேள்விக்கும் ஒரே தடவைதான். நான் இரண்டு தடவை போடுகிறேன். ஆனால் முதல் தடவைக்கு நீல மை, இரண்டாவதுக்குப் பென்சில். முதல் முறையிலேயே எவ்வளவு பிடித்தார்கள் என்பது தனியாகத் தெரிந்துவிடும். 'டீச்சர், ஒண்ணும் கேக்கல்ல' என்று சொல்லும் பிள்ளையின் தாளில் நீல மையில் ஏழு விடை இருப்பதை அவளுக்கே காட்ட முடிகிறது.

இடத்தையும் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; தகரக் கூரையில் மழை பிடித்தால் கேட்டல் தேர்வு வைக்க முடியாது. கோயில் கொடை, சர்ச் திருநாள் நாட்களில் மைக் செட் சத்தம் இருக்கும். அந்த நாட்களில் எழுத்துத் தேர்வை வைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை முந்தின நாளே சார்ஜ் போட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

நாலு மார்க்கும் வந்த பிறகு ஒவ்வொருவரோடும் தனியாக ஐந்து நிமிடம் உட்காருங்கள். சொல்வளத்தில் இருபதுக்கு 17, கேட்டலில் 8 என்று இருக்கும் பிள்ளைக்கு இனி புதிய சொல் பட்டியல் வேண்டாம், தெரிந்த சொற்களையே காதால் கேட்கப் பழக்க வேண்டும். தினமும் ஒரு சிறிய ஒலிப்பதிவை வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். எழுத்தில் நன்றாகச் செய்து இலக்கணத்தில் குறைந்தவருக்கு அவர் எழுதிய மெயிலையே திருப்பிக் கொடுத்து, ஓரத்தில் போட்ட எழுத்தைப் பார்த்து அவரையே திருத்தச் சொல்லுங்கள். அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து. மாத்தூர் பத்தியை மறுபடி எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். அடுத்த முறைக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி ஒரு பத்தியை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலி இடங்கள் மட்டும் பழைய தாளில் கேட்ட அதே இலக்கண வகைகளில் இருக்கட்டும்.