செலோரேப்புக்கு அடியில் இருந்த ஓட்டை

மூச்சை உள்ளிழுக்கும் தசைகளின் பலத்தை வாயருகே உண்டாகும் காற்றழுத்தத்தை வைத்து அளக்கிற வேலை. மட்டக்களப்பு வாவியில் மீன்பிடிக்கும் சில அண்ணன்மார் ஆர்வத்தோடு வந்து கருவியின் ஊதுகுழலைக் கவ்வி மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஒரே ஆளுக்கு முதல் தடவை 70 செ.மீ. நீர் (அழுத்தத்தை நீரின் உயரத்தால் சொல்லும் அலகு), அடுத்த தடவை 130. நாலு நாள் இதிலேயே போனது.

சென்சரில்தான் பிழை என்று நினைத்து, யூ வடிவக் குழாயில் தண்ணீர் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாகவே காட்டியது. ரியூப்பை மாற்றினேன். மூக்குக் கிளிப்பையும் மாற்றினேன். பலன் இல்லை.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன், எண் எகிறும்போதெல்லாம் கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப்போகிறது, நெஞ்சு அசையவே இல்லை. குரல்வளையை மூடிக்கொண்டு, ஸ்ட்ரோவில் இளநீர் உறிஞ்சுவது போல வாயால் மட்டும் இழுக்கிறார்கள்! இதைத் தடுக்கத்தான் ஊதுகுழலில் சுமார் 2 மி.மீ. அகலத்தில் ஒரு சிறு துளை விடுவார்கள். வாயிலுள்ள காற்று கொஞ்சம், அதனால் அந்தக் கசிவிலேயே கன்னத்தின் இழுப்பு விழுந்துவிடும், நுரையீரலின் இழுப்பை அது பெரிதாகப் பாதிக்காது. எங்கள் குழலில் அந்தத் துளையின் மேல் செலோரேப். கசிவுச் சோதனையில் அழுத்தம் நிற்கவில்லை என்று உடன் வேலை செய்யும் தம்பி நல்லெண்ணத்தில் ஒட்டியிருக்கிறார்.

ரேப்பை உரித்து, துளையை ஊசியால் துப்புரவாக்கி, குறைந்தது ஒன்றரை விநாடி பிடித்திழுக்கச் சொல்லி, உச்சி முனையை விட்டுவிட்டு ஒரு விநாடி நிலைத்த அழுத்தத்தை மட்டும் எடுத்தேன். மூன்று முயற்சிகளும் 78, 81, 80.