திருவாதிரைக்கு ரேங்க் போடுவது எப்படி?

2020 ஜனவரியில் என் கண்ணில் புரை விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். நீடாமங்கலம் பக்கம் எங்கள் வயல். ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் தாளடிக்குத் தண்ணீர் வைக்கப் போவேன். மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே திருவாதிரை, நல்ல செங்கல் நிறத்தில். சின்ன வயதிலிருந்து பழகிய நட்சத்திரம். அந்த வருடம் அது சோகை பிடித்த மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், முகம் கழுவினேன், பயனில்லை. பிறகுதான் தெரிந்தது, உலகமே அதைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தது என்று.

வெளிநாட்டார் பீட்டல்ஜூஸ் என்பது இதைத்தான். நம் சூரியனைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல் எடை. சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். வயது என்னவோ ஒரு கோடி ஆண்டுதான். சூரியனுக்கு 450 கோடிக்கு மேல் ஆகிறது. பெரிய குடும்பம், சீக்கிரம் குதிர் காலி. கடைசிக் காலத்தில் இருக்கிறது, ஒருநாள் வெடிக்கும். ஆனால் கணக்குப் போட்டவர்கள் ஒரு லட்சம் ஆண்டு வரைகூட ஆகலாம் என்கிறார்கள். என் மருமகன் ஊருக்கு வரும்போதெல்லாம், "எப்ப மாமா வெடிக்கும்?" என்பார். அந்தக் கேள்வியை விடுங்கள். இன்றைக்கு அது எவ்வளவு ஒளி என்பதுதான் நாம் சொல்லக்கூடியது. அதற்குத் தொலைநோக்கியும் வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் மழையும் மூட்டமும் ஆளை விடாது. அதனால் பொங்கலை ஒட்டித் தொடங்குங்கள். அப்போது ராத்திரி பத்தரைக்கு ஆதிரை உச்சிக்கு வரும். மாசி பிறக்கும்போது எட்டரைக்கே வந்துவிடும். நம் பக்கத்தில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்பதால் நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து போய்விடும். களத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வடக்கே தலை வைத்துப் படுங்கள். வடக்கே தலை வைக்காதே என்று அம்மா இன்றும் சத்தம் போடுவார். தூங்கவா போகிறோம்?

படுத்தால் இடது கைப்பக்கம் கிழக்கு. வரிசையாக மூன்று நட்சத்திரம் நிற்பதைப் பிடியுங்கள். அதற்குத் தலைப்பக்கம் சிவப்பாக இருப்பது ஆதிரை. கால்பக்கம், கொஞ்சம் வலதில் வெள்ளையாக இருப்பது ரிஜெல். ஆதிரைக்கு நேர் இடதில், கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் தள்ளித் தனியாக இருப்பது புரோசியான். வலதில், தலைப்பக்கமாக ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. கால்பக்கம் இடதில் கண்ணைப் பறிப்பது சிரியஸ், அது நம் கணக்குக்கு உதவாது.

ஒளிக்கு எண் உண்டு. வகுப்பு ரேங்க் மாதிரிதான்: எண் சிறிதானால் ஒளி பெரிது. ரிஜெல் 0.1, புரோசியான் 0.4, ரோகிணி 0.9. ஆதிரை வழக்கமாகப் புரோசியானை ஒட்டிக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். புரோசியானை ஒரு பார்வை, ஆதிரையை ஒரு பார்வை, ரோகிணியை ஒரு பார்வை. புரோசியானுக்கும் ரோகிணிக்கும் நடுவே ஐந்து படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதிரை புரோசியானிலிருந்து இரண்டு படி கீழே என்று தோன்றினால் 0.6. அவ்வளவுதான் வேலை.

இதில் கெடுதல் எங்கே வரும் என்றால், முறைத்துப் பார்ப்பதில். சிவப்பு நட்சத்திரத்தை முறைக்க முறைக்க அது கண்ணுக்குள் ஏறி ஒளி கூடிக்கொண்டே போகும். நான் முதல் வருடம் இப்படித்தான் ஆதிரைக்கு மார்க்கை வாரி வழங்கினேன். இரண்டு மூன்று நொடிக்கு மேல் நிற்காதீர்கள். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒரு வசதி: கண்ணாடியைக் கழற்றுங்கள். புள்ளிகள் உப்பிப் பஞ்சாகிவிடும். இரண்டு பஞ்சை ஒப்பிடுவது சுலபம். ஒரே உயரத்தில் இருப்பவற்றோடுதான் ஒப்பிட வேண்டும், அடிவானத்துப் பனி எதையும் மங்கலாக்கிவிடும். உச்சி நேரம் சொன்னதற்குக் காரணம் அதுதான். தெரு எல்இடி விளக்கு கண்ணில் படாமல் வைக்கோல் போர் மறைவில் கட்டிலைப் போடுங்கள். பௌர்ணமியும் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், களி கிண்டிப் படைக்கிற மார்கழித் திருவாதிரை அன்றைக்கு நிலா அதன் பக்கத்திலேயே வந்து நிற்கும். கும்பிட நல்ல நாள், கணக்குக்கு ஆகாத நாள்.

தேதி, மணி, எண், எதோடு ஒப்பிட்டது, வானம் எப்படி. இந்த ஐந்தையும் உடனே எழுதுங்கள். போன வாரம் என்ன போட்டோம் என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். புரட்டினால் கை அதையே போடும். என் நோட்டில் ஒரு பக்கம் மோட்டார் ஓடிய மணிக்கணக்கு, மறுபக்கம் ஆதிரை. பத்து நாளுக்கு ஒருமுறை போதும். அதன் ஒளி ஒரு சுற்று ஏறி இறங்க ஏறத்தாழ 400 நாள் ஆகும், அவசரமில்லை. இப்படி வெறுங்கண்ணால் போடும் எண்களை வாங்கிச் சேர்க்க 1911-ல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம் ஒன்று இருக்கிறது, யாரும் அனுப்பலாம்.

அந்த 2020 பிப்ரவரியில் நான் போட்டது 1.6. பக்கத்திலிருக்கும் பெல்லாட்ரிக்ஸ் நட்சத்திரமும் அதுவும் ஒரே ஒளியில் தெரிந்தன. நட்சத்திரம் பெரிய ஏப்பமாக வாயுவைக் கக்கியிருக்கிறது. அது குளிர்ந்து தூசியாகித் தெற்குப் பாதியை மறைத்துவிட்டது. சித்திரைக்குள் தேறிவிட்டது. புரை கண்ணிலில்லை, அங்கேதான்.

வைகாசி, ஆனியில் சூரியன் பக்கம் போய்விடும், பார்க்க முடியாது. ஆவணியில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும். அப்போது ரோகிணி உயரத்தில் இருக்கும், புரோசியான் அடிவானத்தில் கிடக்கும்; எண் போடாதீர்கள். வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு நாற்றங்காலுக்குப் போங்கள்.