33 பக்கமும் 5760 டிபிஐயும் ஒரே தாளில் வராது: இங்க்ஜெட் பிரிண்டர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எப்சன் எல்3250-இன் விவரத்தாளில் இரண்டு எண்கள் கம்பீரமாக நிற்கும். நிமிடத்துக்கு 33 பக்கம். 5760 × 1440 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தாளில் யாரும் பார்த்திருக்க முடியாது. 33 பக்கம் என்பது டிராஃப்ட் முறையில், மையைக் குறைத்து, மை தெளிக்கும் ஹெட்டை விரட்டி ஓட்டும்போது கிடைப்பது. 5760 என்பது போட்டோ பேப்பர் வைத்து உச்சத் தரத்தில் அடிக்கும்போது கிடைப்பது. அப்போது 4×6 படம் ஒன்று வெளியே வரவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

வேகத்தைத் தனியாகவும் தரத்தைத் தனியாகவும் எழுதி வைத்து மாடல்களை ஒப்பிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதன் பிள்ளைகள். எந்த வேகத்தைச் சொன்னாலும் “எந்தத் தரத்தில்?” என்று கேட்க வேண்டும்.

அதே எல்3250-க்கு இன்னொரு வேகமும் சின்ன எழுத்தில் இருக்கும்: பிரிண்டர் வேகத்தை அளக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 24734 முறைப்படி கறுப்பில் நிமிடத்துக்கு 10, கலரில் 5. வேர்டு, எக்செல், பிடிஎஃப் என்று வகுத்து வைத்த சோதனைக் கோப்புகளை, பிரிண்டரின் வழக்கமான அமைப்பிலேயே அடித்துப் பார்த்து எடுக்கும் கணக்கு இது. ஹெச்பி ஸ்மார்ட் டேங்க் 515-க்கு இந்தக் கணக்கில் 11, 5. கேனன் ஜி3010-க்கு 8.8, 5. ஆக மூன்றும் ஏறக்குறைய ஒரே ஓட்டம்தான். ஒன்றின் டிராஃப்ட் எண்ணை எடுத்து இன்னொன்றின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும், 33-க்கு எதிரே 8.8 என்று ஏதோ மாட்டுவண்டியும் ரயிலும் போலத் தெரியும்.

ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்தாலே போதும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். வழக்கமான அமைப்பு எது என்பதை அந்தந்தக் கம்பெனியே முடிவு செய்கிறது. ஒருவரின் ‘ஸ்டாண்டர்ட்’ இன்னொருவரின் ‘ஸ்டாண்டர்ட்’ அளவுக்கு மை போட வேண்டும் என்று விதி கிடையாது. அப்புறம், முதல் செட் தாள்கள் வெளிவரும் நேரம் இந்த எண்ணில் சேர்வதில்லை. பிரவுசிங் சென்டர் நடத்துபவருக்கு இதுதான் இடிக்கும். ஹால் டிக்கெட் ஒரு பக்கம், சான்றிதழ் ஒரு பக்கம் என்று நாள் முழுக்க ஒற்றைத் தாள் வேலைதான் வரும். நிமிடத்துக்கு 10 என்றால் ஒரு பக்கத்துக்கு 6 விநாடி. 11 என்றால் ஐந்தரை. அந்த அரை விநாடிக்காக மண்டையை உடைத்துக்கொள்வதை விட, தூங்கிக்கொண்டிருக்கும் பிரிண்டர் எழுந்து முதல் தாளைத் தள்ள எத்தனை விநாடி எடுக்கிறது என்று கைப்பேசியில் ஓடவிட்டுப் பார்ப்பது மேல்.

டிபிஐ விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். ஒரு மாடலில் 4800, இன்னொன்றில் 5760 என்று இருந்தால், 5760 பெரிது, ஆகவே தெளிவு அதிகம் என்று தோன்றும். ஓர் அங்குலத்தை 5760-ஆகப் பிரித்தால் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் 4.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் 3 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மைத்துளி ஒன்று காற்றில் உருண்டையாக இருக்கும்போதே அதன் விட்டம் 18 மைக்ரான் அளவு. தாளில் விழுந்ததும் இன்னும் பரவும். ஆக டிபிஐ என்பது துளியை எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியும் என்ற கணக்கு; கோடு எவ்வளவு மெல்லிதாக வரும் என்ற கணக்கு அல்ல. சாதா 70 ஜிஎஸ்எம் தாளில் இரண்டு மாடலையும் அடித்துப் பார்த்தால், அந்த எண் வித்தியாசம் கண்ணில் படவே படாது.

கண்ணில் படுவது கறுப்பு மையின் ரகம். மையைப் புட்டியிலிருந்து ஊற்றி நிரப்பும் சில டேங்க் மாடல்களில் நான்கு மையும் சாயம் கரைந்தவை. கேனன் ஜி3010, ஹெச்பி ஸ்மார்ட் டேங்க் 515 போன்றவற்றில் கறுப்பு மட்டும் நிறமித் துகள் கலந்தது. துகள் மை தாளின் மேலேயே தங்கும்; எழுத்து அடர்த்தியாக, ஓரம் கூர்மையாக வரும். சாய மை நாரோடு ஊறி இறங்கும். தாள் காய்ந்த பிறகு ஈர விரலால் ஓர் எழுத்தைத் தேய்த்துப் பாருங்கள், விடை கையிலேயே ஒட்டும். ஆனால் பளபளப்பான போட்டோ பேப்பருக்குச் சாய மைதான் தோது. எழுத்து அதிகமா, படம் அதிகமா என்று முடிவு செய்யாமல் “எதில் தரம் நல்லது?” என்று கேட்டால் பதில் வராது.

நண்பரின் கடையில் ஒருமுறை இரண்டு பிரிண்டரைப் பக்கத்தில் வைத்து ஒரே பிடிஎஃப்பை அடித்தோம். ஒன்று ஆமை வேகம். அதைக் குறை சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன்: அதன் டிரைவரில் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) தரத்தை யாரோ ‘ஹை’ என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தாள் வகை, தரம், இரு திசையிலும் அடிப்பதா ஒரே திசையிலா, இந்த மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஹெட் போகும்போதும் வரும்போதும் அடித்தால் வேகம் கூடும். ஆனால் இரு திசையும் பொருந்தும் அலைன்மென்ட் கொஞ்சம் விலகியிருந்தால் நேர்க்கோடு இரட்டையாகும். ஹெட்டின் மைத்துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று காட்டும் நாசில் செக் எடுக்காமல் தரத்தைப் பற்றிப் பேசவே கூடாது. அடைத்துக்கொண்ட நான்கு நாசிலின் வெள்ளைக் கோட்டை மாடலின் குற்றமாக எழுதிவிடுவோம்.

சோதனைக்கு எடுக்கும் பக்கம் தமிழில் இருக்கட்டும். 8 பாயிண்டில் ஞ, ஜ, ஸ்ரீ, ண்ண இருக்கிற ஒரு பத்தி போதும். மை கசிகிற பிரிண்டரில் ண-வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். டிராஃப்டில் புள்ளி மங்கி, ‘பட்டா’ ‘படடா’ ஆகிவிடும். ஆங்கிலப் பத்தியில் இந்த வண்டவாளம் இவ்வளவு சீக்கிரம் தெரியாது. போட்டோ என்றால் முகம் உள்ள படமாக எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாய மையின் நிறம் காயும்போது கொஞ்சம் மாறும்; டியூப்லைட்டுக்குக் கீழே எல்லாமே வேறு நிறம்.

கடையில் டெமோ காட்டும்போது அவர்கள் வைத்திருக்கும் பூப்படத்தை, அவர்கள் வைத்திருக்கும் பளபள தாளில்தான் அடித்துக் காட்டுவார்கள். உங்கள் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், தினமும் பயன்படுத்தும் தாளில் நாலைந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தயங்கினால் அந்தத் தாள்களுக்குக் காசு கொடுத்துவிட்டால் போயிற்று.