ஜாம்பியாவுக்காகப் பேசப் போகிறவர்களுக்கு: மாதிரி ஐ.நா. அவைக்கு ஒரு தயாரிப்புக் குறிப்பு

மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து விவாதிக்கும் மாதிரி ஐ.நா. அவைக்குப் பெயர் கொடுக்கும் சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு, சீட்டில் அமெரிக்காவோ பிரான்ஸோ வராமல் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா வந்துவிட்டால் முகம் வாடிவிடுகிறது. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. வறுமை ஒழிப்பும் வளர்ச்சி ஒத்துழைப்பும் தலைப்பாக இருக்கும் அவையில், சொல்லச் சொல்லத் தீராத அளவுக்கு விஷயம் உள்ள நாடு அது. பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இந்தப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அங்கே சொல்லித் தருவதையே இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு வேறு நாடு வந்திருந்தாலும் தயாராகும் வழி இதுதான்.

முதலில், கையேந்தும் தொனியை விட்டுவிடுங்கள். “எங்கள் நாடு ஏழை நாடு, உதவுங்கள்” என்று தொடங்கும் உரையை நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். வளரும் நாடுகள் அப்படிப் பேசுவதில்லை. 1964 ஜூன் 15 அன்று ஜெனீவாவில் 77 நாடுகள் சேர்ந்து ஒரு குழுவாக நின்றன. ஜி-77 என்ற பழைய பெயரிலேயே இன்று அதில் 134 நாடுகள் இருக்கின்றன. இந்தியா தொடக்கத்திலிருந்தே அதில் உறுப்பினர். அன்று முதல் அவர்கள் கேட்பது விதிகளில் மாற்றம்: விளைபொருளுக்கு நியாயமான விலை, தாங்கக்கூடிய கடன், தப்பிப்போகாத வரி, நிதி நிறுவனங்களில் உரிய ஓட்டு. நன்கொடை அந்தப் பட்டியலின் ஒரு பகுதிதான். உங்கள் உரையும் அப்படியே அமைய வேண்டும்.

அடுத்து, நாட்டுக்குள் பணம் எப்படி வருகிறது, எப்படி வெளியே போகிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஜாம்பியாவுக்கு ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு தாமிரத்திலிருந்து வருகிறது. அதன் விலை லண்டன் உலோகச் சந்தையில் முடிவாகிறது, தலைநகர் லுசாகாவில் அல்ல. கடற்கரை இல்லாத நாடு. துறைமுகம் வேண்டுமென்றால் அண்டை நாட்டு மண்ணைக் கடந்தே போகவேண்டும். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களையே நம்பியிருக்கிறது. 2024-இல் மழை பொய்த்தது. பிப்ரவரி இறுதியில் குடியரசுத் தலைவர் வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். மக்காச்சோளமும் போனது, கரீபா அணையின் தண்ணீரும் குறைந்தது, ஊரெல்லாம் மின்வெட்டு. பருவநிலையைக் கெடுத்ததில் அந்த நாட்டின் பங்கு மிகச் சிறியது என்பதை இந்த இடத்தில் சொன்னால் எடுபடும். தனிப் பத்தியாகச் சொன்னால் உபதேசம்போல் ஆகிவிடும்.

வறுமை எண்ணைச் சொல்லும்போது எந்தக் கோட்டின்படி என்று சேர்த்துச் சொல்லுங்கள். உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு நாளொன்றுக்கு 2.15 டாலராக இருந்தது. 2025 ஜூனில் 3 டாலராக மாறியது. ஜாம்பியாவில் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே வாழ்கிறார்கள்.

இனி, கடன். தயாரிப்பு நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். நிகழ்ச்சிகளின் வரிசை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். 2005-இல் ஜாம்பியாவின் பழைய கடனில் பெரும்பகுதி தள்ளுபடிக்குத் தகுதி பெற்றது. பிறகு 2012, 2014, 2015 ஆண்டுகளில் பன்னாட்டுச் சந்தையில் டாலர் கடன் பத்திரங்களை விற்று மொத்தம் 300 கோடி டாலர் திரட்டியது. சீனாவிடமும் பெருமளவு வாங்கியது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் தவறியது. அதே மாதம் பெரிய பொருளாதாரங்களின் குழுவான ஜி-20 நாடுகள் கடன் மறுசீரமைப்புக்கு ஒரு பொது நடைமுறையை அறிவித்தன. 2021 தொடக்கத்தில் ஜாம்பியா விண்ணப்பித்தது. சீனாவும் பிரான்ஸும் தலைமை வகித்த அரசுகளின் குழு, 630 கோடி டாலர் கடனை மாற்றியமைக்க ஒப்புக்கொண்டது 2023 ஜூனில்தான். பத்திரம் வைத்திருந்தவர்களோடு எட்டிய உடன்பாட்டை, தங்கள் அளவுக்கு அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லி அந்த அரசுகள் ஏற்கவில்லை. பத்திரக்காரர்களோடு திருத்திய உடன்பாடு முடிந்தது 2024-இல்.

பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே குடும்பம் வங்கியிலும் அடகுக் கடையிலும் தெருவில் வட்டிக்கு விடுபவரிடமும் கடன்பட்டிருக்கிறது, மற்றவர் முதலில் குறைக்கட்டும் என்று மூவரும் காத்திருக்கிறார்கள், அதற்குள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத் தேதி வந்துவிடுகிறது. ஜாம்பியா 2022 முதல் அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வரை கட்டணத்தை நீக்கியது. அந்த வகுப்பறைகளுக்குப் போகவேண்டிய பணத்தோடுதான் கடன் தவணை போட்டியிடுகிறது. இதை நீங்கள் உணர்ந்து பேசினால் அவை கேட்கும்.

இதிலிருந்து கோரிக்கையை வடியுங்கள். பேச்சுவார்த்தை நடக்கும் காலத்தில் தவணை தானாகவே நிற்க வேண்டும். தனியார் கடனுக்கும் அதே விதி வேண்டும். கால வரம்பு வேண்டும். ஐ.நா.வின் கீழ் நிலையான ஓர் அமைப்பு வேண்டும். பின்னணியும் கையில் இருக்கட்டும்: 2015 செப்டம்பரில் நாடுகளின் கடன் மறுசீரமைப்புக்கான அடிப்படைக் கோட்பாடுகளைப் பொதுச்சபை ஏற்றபோது ஆதரவு 136, எதிர்ப்பு 6, நடுநிலை 41. எதிர்த்த ஆறில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் ஜெர்மனியும் உண்டு. 2025 கோடையில் ஸ்பெயினின் செவில்லே நகரில் நடந்த நிதி மாநாட்டில், கடன் வாங்கிய நாடுகள் தங்களுக்குள் கூடிப் பேச ஒரு மேடை பிறந்தது. அமெரிக்கா அந்த மாநாட்டு ஆவணத்திலிருந்து விலகியது.

வரியைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும், ஆனால் கூர்மையாக. ஒரு பன்னாட்டு நிறுவனம் தாமிரத்தைத் தன் கிளைக்கே குறைந்த விலையில் விற்றதாகக் கணக்குக் காட்டினால், லாபம் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறது, சுரங்கக் குழி மட்டும் ஜாம்பியாவில் மிஞ்சுகிறது. அதனால்தான் ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வில் வரி உடன்படிக்கை கேட்டன. 2023 நவம்பரில் பொதுச்சபையின் பொருளாதார, நிதி விவகாரங்களுக்கான இரண்டாம் குழுவில் அது 125-க்கு 48 என்று வென்றது.

உதவித்தொகைக்கு வரும்போது 0.7 என்ற எண்ணை விடாதீர்கள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தருவது என்று பொதுச்சபை தீர்மானித்தது 1970 அக்டோபர் 24-இல். நார்வே, ஸ்வீடன், லக்ஸம்பர்க் போன்ற சிலவே அதை நீண்டகாலம் காப்பாற்றின. வாக்குறுதி அவர்களுடையது; நினைவூட்ட வேண்டியது உங்கள் வேலை.

யாருடைய திட்டத்துக்குப் பணம் என்பதும் முக்கியம், இதை நம் ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1970-களின் இறுதியில் உலக வங்கி உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்துக்கு ஜப்பான் கடன் வந்தது. 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவோ, பணம் எங்கே என்ற கேள்விக்கு நடுவே மாநிலம் தானே முடிவெடுத்துச் செய்தது. தன் தேவையைத் தானே வரிசைப்படுத்தும் உரிமையைத்தான் வளரும் நாடுகள் கேட்கின்றன. மேடையில் சென்னைக் கதை வேண்டாம், நீங்கள் அங்கே ஜாம்பியா.

இடைவேளையில் இந்தியப் பிரதிநிதியைத் தேடிப் போங்கள். தென் நாடுகள், அதாவது வளரும் நாடுகள், ஒன்றுக்கொன்று உதவுவதற்குச் சான்று அவருக்குத் தெரிந்ததுதான்: சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. உங்கள் பக்கத்துச் சான்று, 1970-களில் சீனா கட்டிக்கொடுத்த, ஜாம்பியாவின் கபிரி ம்போஷியிலிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் வரையிலான 1,860 கிலோமீட்டர் ரயில்பாதை. ஆனால் ஒரு வரியில் கவனம்: தென் நாடுகளின் ஒத்துழைப்பு வட நாடுகளின், அதாவது பணக்கார நாடுகளின், கடமைக்கு மாற்றாகாது. இந்த வாக்கியம் ஜி-77 ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும். தீர்மான வரைவில் அதை நீக்கச் சொல்லி யாராவது வருவார்கள். நீக்காதீர்கள்.

ஊழல் பற்றிய கேள்வி நிச்சயம் வரும். 2025 மே மாதம், நன்கொடை மருந்துகள் திருடி விற்கப்படுகின்றன என்று சொல்லி 5 கோடி டாலர் மருத்துவ உதவியை நிறுத்தப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. எதிரணி அதை எடுக்கும். மழுப்பாதீர்கள். திருட்டு நடந்தது தவறு, திருடியவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, மருந்து நின்றால் பாதிக்கப்படுவது மாத்திரைக்காக வரிசையில் நிற்கும் நோயாளிதான் என்பதைச் சொல்லி, கண்காணிப்பைக் கூட்டுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள் என்று கேளுங்கள். தீர்மான வரைவில் அதற்கென்று ஒரு பத்தியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: யார் தணிக்கை செய்வது, அறிக்கை யாருக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. கேள்வி வந்ததும் அந்தத் தாளை நீட்டி, கேட்டவரையே இணை முன்மொழிவாளராகக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.