சமிக்ஞை விளக்கில் எத்தனை செக்கன் போகிறது? முக்கோணம் ஒன்றைக் கொண்டு கணக்கிடும் முறை

யாழ்ப்பாண நகரில் சமிக்ஞை விளக்குள்ள ஒரு சந்தியில் சிவப்பு விழுந்ததும் சேரும் வரிசை எவ்வளவு நீளும், அது கலைய எவ்வளவு நேரம் எடுக்கும், வந்துபோகும் ஒரு வாகனம் சராசரியாக எத்தனை செக்கனை இழக்கும் என்பவற்றைச் சாதாரண தரக் கணிதம் தெரிந்த எவரும் தாளில் கணக்கிடலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவையே. எந்தச் சந்தியிலும் அளந்தவை அல்ல. உங்கள் சந்திக்குரிய எண்களை நீங்களே அளந்து இட்டுக்கொள்ள வேண்டும்.

படி 1: வருகையை எண்ணுதல்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிறுத்தற்கோட்டருகே நின்று எண்ணப் பார்ப்பார்கள். அங்கே சிவப்பில் ஒன்றும் கடக்காது, பச்சையில் எல்லாம் சேர்ந்து கடக்கும்; ஆகவே அங்கு கிடைப்பது விளக்கின் தாளமே தவிர வருகையின் அளவு அன்று. வரிசையின் வால் எட்டாத தூரத்துக்குப் பின்னே சென்று, அந்த இடத்தைக் கடக்கும் வாகனங்களைக் கால் மணி நேரம் எண்ணுங்கள்.

நம் வீதிகளில் பஸ்ஸும் காரும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் கலந்து வருவதால், எல்லாவற்றையும் கார் அலகுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிரித்தானிய வீதி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எஃப். வி. வெப்ஸ்டரின் சமிக்ஞைக் கணக்குகளில் பஸ்ஸுக்கு 2.25, மோட்டார் சைக்கிளுக்கு 0.33, சைக்கிளுக்கு 0.2 என்ற பெறுமானங்கள் வழங்கின. ஓட்டோ அந்தப் பட்டியலில் இல்லை. லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை இரண்டுக்கும், பச்சையில் ஒவ்வொன்றும் கோட்டைக் கடக்க ஒரு காரைவிட எத்தனை மடங்கு நேரம் எடுக்கிறது என்று பார்த்து நீங்களே ஒரு பெறுமானம் வகுத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி.

மணிக்கு 600 கார் அலகு வருகிறது என்று வைப்போம்; அதாவது 6 செக்கனுக்கு ஒன்று.

படி 2: வெளியேற்றத்தை அளத்தல்

வரிசை இருக்கும்போது பச்சையில் கோட்டைக் கடக்கும் வீதத்தை நிரம்பல் பாய்ச்சல் என்பர். பச்சை விழுந்த முதல் சில செக்கன்கள் புறப்படுவதிலேயே போவதால் முதல் 6 செக்கனை விட்டுவிட்டு, அதன் பிறகு 6 செக்கனுக்கு ஒருமுறை கடந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வரிசை தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நிரலில் மணிக்கு 1,800 கார் அலகு, அதாவது 2 செக்கனுக்கு ஒன்று என்பது தொடக்கத்துக்குப் பொருத்தமான பெறுமானம்.

படி 3: முக்கோணம்

சுற்று நேரம் 90 செக்கன், அதில் பயன்படு பச்சை (புறப்படுவதில் வீணாகும் செக்கன்களைக் கழித்த பச்சை) 36, மீதி 54 செக்கனைச் சிவப்பு என்று கொள்வோம். கிடை அச்சில் நேரத்தையும் நிலைக்குத்து அச்சில் வரிசையில் நிற்கும் வாகன எண்ணிக்கையையும் குறித்து ஒரு வரைபு கீறுங்கள்.

சிவப்பு முழுவதும் 6 செக்கனுக்கு ஒன்றாக வரிசை ஏறுகிறது; சிவப்பு முடியும்போது 54 ÷ 6 = 9 வாகனங்கள் நிற்கின்றன. பச்சை விழுந்த பின்னரும் புதியவை வந்து வாலில் சேர்ந்துகொண்டே இருப்பதால் வரிசை குறையும் வீதம் 1/2 அன்று, 1/2 − 1/6 = 1/3. ஆகவே 9 வாகனங்கள் தீர 27 செக்கன் எடுக்கும். இது 36ஐ விடக் குறைவு என்பதால் அதே பச்சையில் வரிசை கலைந்துவிடுகிறது.

கீறிய உருவம் 54 + 27 = 81 செக்கன் அடியும் 9 வாகனம் உயரமும் கொண்ட ஒரு முக்கோணம். உயர்தர இணைந்த கணிதத்தில் வேக–நேர வரைபின் பரப்பளவு தூரத்தைத் தருவதுபோல, இங்கே பரப்பளவு எல்லா வாகனங்களும் சேர்ந்து இழந்த நேரத்தைத் தருகிறது: 81 × 9 ÷ 2 = 364.5 வாகன–செக்கன். ஒரு சுற்றில் வருபவை 15 என்பதால் ஒன்றுக்குச் சராசரி 24.3 செக்கன்.

பொதுவாக எழுதினால், சிவப்பு சி, சுற்று சு, வருகை வீதம் வ, வெளியேற்ற வீதம் வெ எனக் கொண்டு,

சராசரித் தாமதம் = சி² ÷ [2 × சு × (1 − வ ÷ வெ)]

சிவப்பு இங்கே வர்க்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் கார்களுக்கிடையே நுழைந்து கோட்டின் முன்னுக்குப் போய் நிற்கும் ஊரில் இந்த மாதிரியுரு செல்லுமா என்று கேட்கலாம். செல்லும். யார் முந்தினார், யார் பிந்தினார் என்பதை முக்கோணத்தின் பரப்பளவு பார்ப்பதில்லை. எந்த நேரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மட்டுமே பார்க்கிறது. முந்தியவர் மிச்சம் பிடித்த செக்கன்களை நின்றவர்களே கட்டுகிறார்கள். வெளியேற்ற வீதம் மாறாதவரை மொத்தம் மாறாது.

படி 4: ஒழுங்கற்ற வருகை

உண்மையில் எவரும் சரியாக 6 செக்கன் இடைவெளியில் வருவதில்லை. சில சுற்றுகளில் 11 வரும், சில சுற்றுகளில் 20 வரும். ஆனால் ஒரு பச்சையில் கடக்கக்கூடியவை 36 ÷ 2 = 18 மட்டுமே என்பதால், அதற்கு மேல் வந்தவை அடுத்த சிவப்பையும் பார்த்தே போக வேண்டும். 1958இல் வெப்ஸ்டர் வெளியிட்ட சூத்திரம் இந்த மேலதிகத் தாமதத்தையும் சேர்க்கிறது. வருகையைக் கொள்ளளவால் வகுத்தால் கிடைக்கும் நிரம்பல் அளவை நி என்போம்; நமக்கு 15 ÷ 18 = 0.833.

மேலதிகத் தாமதம் = நி² ÷ [2 × வ × (1 − நி)]

எண்களை இட்டால் (வ செக்கனுக்கு 1/6) 12.5 செக்கன் வரும். வெப்ஸ்டரின் மூன்றாவது உறுப்பு ஒரு சிறிய திருத்தமே. கைக்கணக்கில் அதற்குப் பதிலாக முதல் இரண்டின் கூட்டுத்தொகையைப் பத்திலொன்று குறைப்பது வழக்கம். ஆக (24.3 + 12.5) × 0.9, ஏறத்தாழ 33 செக்கன்.

இப்போது பாடசாலை விடும் நேரம் வந்து, வருகை 600இலிருந்து 684க்கு ஏறுகிறது என்று வைப்போம். நி 0.95 ஆகிறது. முக்கோணப் பகுதி 26.1க்கு மட்டுமே உயர்கிறது. மேலதிகப் பகுதியோ 47.5க்குத் தாவுகிறது. மொத்தம் ஏறத்தாழ 66 செக்கன். வருகை 14 சதவீதம் கூட, தாமதம் இரண்டு மடங்கு. ‘இன்றைக்கு வழமையைவிடக் கொஞ்ச வாகனம்தானே கூட, ஏன் இவ்வளவு நெரிசல்’ என்ற கேள்விக்கு விடை அந்த (1 − நி) என்ற பகுதிக்குள் இருக்கிறது.

நி 1ஐத் தாண்டினால் சூத்திரம் மறை எண்ணைத் தரும். அங்கே அதைக் கைவிட வேண்டும். மணிக்கு 756 வந்தால் ஒரு சுற்றில் வருபவை 18.9, போகக்கூடியவை 18. சுற்றுக்கு 0.9 மிஞ்ச, மணிக்கு 40 சுற்று என்பதால் ஒரு மணி நேர முடிவில் 36 வாகனங்கள் தேங்கியிருக்கும். அப்போது வால் நுனியில் சேர்பவர் முழுதாக இரண்டு சுற்றைக் கூடுதலாகக் காத்திருப்பார்.

படி 5: சுற்று நேரம்

சிவப்பு வர்க்கத்தில் நிற்பதால் சுற்றைக் குறுக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் மஞ்சளுக்கும் புறப்படுவதற்கும் சில செக்கன்கள் வீணாகின்றன. குறுகிய சுற்றில் அந்த இழப்பு அடிக்கடி நேரும். வெப்ஸ்டரின் உகந்த சுற்று: (1.5 × மொத்த இழப்பு + 5) ÷ (1 − வீதிகளின் வ ÷ வெ பெறுமானங்களின் கூட்டுத்தொகை). இழப்பு 10 செக்கன், நம் வீதிக்கு 1/3, குறுக்கு வீதிக்கு 0.4 என்றால் 75 செக்கன் கிடைக்கும். பச்சையை அதே விகிதத்தில் பகிர்ந்து மீண்டும் கணக்கிட்டால் நம் வீதியின் தாமதம் 33இலிருந்து 31க்குத்தான் குறைகிறது. உகந்த சுற்றின் அருகில் வரைபு தட்டையாகவே இருக்கும். ஆகவே 75க்கும் 80க்கும் இடையில் மல்லுக்கட்டத் தேவையில்லை.

பயிற்சி

காங்கேசன்துறைக்குப் போகும் புகையிரதப் பாதை வீதிகளை வெட்டும் கடவைகளில் படலை மூடுவதும் ஒரு நீண்ட சிவப்புத்தான். வருகையும் வெளியேற்றமும் மேலே உள்ளவாறே என்றால், 4 நிமிட மூடலில் 40 வாகனங்கள் சேர்ந்து, திறந்த பின் கலைய 120 செக்கன் எடுத்து, மொத்த இழப்பு 7,200 வாகன–செக்கன் ஆகும். 3 நிமிடத்தில் திறந்தால் அது 4,050. வருகை 5 செக்கனுக்கு ஒன்றாகும்போது 4 நிமிட மூடலின் இழப்பை நீங்கள் கணக்கிடுங்கள். 9,600 வர வேண்டும்.