யூஸ்ஸ்டேட்: எச்சரிக்கை இல்லாமல் வரும் தவறுகள்

இணையத் திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டின் 16.8 பதிப்பு, 2019 பிப்ரவரியில் ஹூக்குகளை (கம்போனன்ட் எனப்படும் திரைப் பகுதி தன் மாறும் மதிப்பை, அதாவது ஸ்டேட்டை, நினைவில் வைக்க உதவும் யூஸ்ஸ்டேட் போன்ற ஃபங்ஷன்களை) கொண்டுவந்தபோது நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகளை, இன்று புதிதாகச் சேர்பவர்களின் நிரலை மதிப்பாய்வு செய்யும்போதும் வரி பிசகாமல் பார்க்கிறேன். ஹூக்கை இஃப் நிபந்தனைக்குள் அழைப்பது போன்றவற்றை, நிரலில் பிழை தேடும் கருவியான இஎஸ்லின்ட் அடிக்கோடிட்டுக் காட்டிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கன்சோலில் ஓர் எச்சரிக்கையும் வராமல், சோதனையிலும் சிக்காமல், பயனரின் கைக்குப் போன பிறகு வெளிப்படும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ப்ராப்ஸைப் படியெடுத்து ஸ்டேட்டில் வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு வாகனச் சேவை மையத்தின் செயலியில் இடப்புறம் வாடிக்கையாளர் பட்டியலும் வலப்புறம் திருத்தப் படிவமும் இருந்தன. படிவத்தை எழுதியவர், ப்ராப்ஸாக (வெளியிலிருந்து கம்போனன்டுக்குக் கொடுக்கப்படும் மதிப்புகளாக) வந்த தொலைபேசி எண்ணையும் முகவரியையும் யூஸ்ஸ்டேட்டுக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுத்திருந்தார். அந்தத் தொடக்க மதிப்பை ரியாக்ட் முதல் ரெண்டரில், அதாவது திரையை அமைக்கக் கம்போனன்டை முதன்முறை இயக்கும்போது மட்டுமே எடுத்துக்கொள்ளும். பட்டியலில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தாலும் கம்போனன்ட் அதே இடத்தில் இருப்பதால் அதன் ஸ்டேட் அப்படியே நீடிக்கும். தலைப்பில் இருந்த பெயர் ப்ராப்ஸிலிருந்து நேரடியாக வந்ததால் உடனே மாறியது. கீழே இருந்த எண்ணும் முகவரியும் முந்தையவருடையவை. பெயரை மட்டும் பார்த்த ஊழியர் முகவரியைத் திருத்திச் சேமித்தார். ஒருவருடைய எண் இன்னொருவருடைய பதிவில் ஏறியது. வண்டி தயார் என்னும் குறுஞ்செய்திகள் தவறான ஆட்களுக்குப் போகத் தொடங்கிய பிறகே விஷயம் தெரியவந்தது.

அதற்குச் செய்யப்பட்ட பரிகாரம் இன்னும் மோசம். வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட் மாறும்போதெல்லாம் யூஸ்எஃபெக்ட் (ரெண்டருக்குப் பிறகு ஒரு வேலையை, அதாவது எஃபெக்டை, ஓட்டும் ஹூக்) வழியாக ஸ்டேட்டை மறுபடியும் நிரப்பினார்கள். பட்டியலோ 30 விநாடிக்கு ஒருமுறை சர்வரிலிருந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளடக்கம் அதுவே என்றாலும் ஒவ்வொரு முறையும் வந்தது புதிய ஆப்ஜெக்ட் என்பதால் எஃபெக்ட் ஓடியது. ஊழியர் பாதி தட்டச்சு செய்திருந்த முகவரி கண்ணெதிரே அழிந்தது. இணையம் சரியில்லை என்று நினைத்து ஊழியர்கள் மறுபடியும் மறுபடியும் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

உண்மையான தீர்வு ஒரே வரிதான்: படிவத்தை அழைக்கும் இடத்தில், வாடிக்கையாளரின் அடையாள எண்ணைக் கீ (கம்போனன்டை ரியாக்ட் அடையாளம் காணும் மதிப்பு) ஆகக் கொடுக்க வேண்டும். கீ மாறினால் ரியாக்ட் பழைய கம்போனன்டை நீக்கிவிட்டுப் புதியதை அமைக்கும். அதன் உள்ளே இருக்கும் கம்போனன்ட்களின் ஸ்டேட்டும் சேர்ந்தே புதிதாகும். கீ என்பது பட்டியலை மேப் செய்யும்போது வரும் எச்சரிக்கையை அடக்குவதற்கு மட்டுமே என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்த வழி அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

கணக்கிட்டால் கிடைப்பதற்கு ஸ்டேட் எதற்கு?

மேலே சொன்னதன் நெருங்கிய உறவு இது. பொருள்களின் பட்டியல் ஒரு ஸ்டேட், தேடுசொல் ஒரு ஸ்டேட், வடிகட்டிய பட்டியல் மூன்றாவது ஸ்டேட், மூன்றையும் இணைக்க ஓர் எஃபெக்ட். எஃபெக்ட் பல நேரங்களில் திரை வரையப்பட்ட பிறகே ஓடுவதால், பயனர் ஒரு கணம் பழைய பட்டியலைப் பார்க்கக்கூடும். பிறகு இரண்டாவது ரெண்டர் நடக்கும். ரெண்டரின்போதே ஒரு சாதாரண மாறியில் வடிகட்டிக்கொண்டால் எஃபெக்டும் தேவையில்லை, மூன்றாவது ஸ்டேட்டும் தேவையில்லை. கணக்கீடு உண்மையிலேயே மெதுவாக இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகு, கணக்கிட்ட விடையைச் சேமித்து வைக்கும் யூஸ்மெமோ ஹூக்கை நாடலாம்.

அரேயில் புஷ் செய்வது

ஸ்டேட்டில் இருக்கும் அரேயிலேயே புஷ் மூலம் ஒன்றைச் சேர்த்து அதையே திருப்பிக் கொடுத்தால், அரே அதுவே என்பதால் ரியாக்டுக்கு எதுவும் மாறவில்லை. புதிய அரேயைக் கொடுங்கள்.

தொடக்க மதிப்பில் கனமான வேலை

தொடக்க மதிப்புக்காக லோக்கல் ஸ்டோரேஜை (உலாவியின் சேமிப்பிடத்தை) படிப்பதென்றால் ஃபங்ஷனின் விடையை அல்ல, ஃபங்ஷனையே யூஸ்ஸ்டேட்டிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரெண்டரிலும் படிக்கும்.

1இல் நின்றுபோகும் டைமர்

டிபெண்டென்சி அரேயை (எவை மாறினால் எஃபெக்ட் மறுபடி ஓட வேண்டும் என்னும் பட்டியலை) காலியாக விட்ட எஃபெக்டுக்குள், குறித்த இடைவெளியில் ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டும் செட்இன்டர்வெல் வைத்து, அதில் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டினால், அந்த ஃபங்ஷன் முதல் ரெண்டரின் 0வையே பிடித்துக்கொண்டிருப்பதால் திரை 1ஐத் தாண்டாது. முந்தைய மதிப்பை வாங்கிக் கூட்டித் தரும் ஃபங்ஷனை, ஸ்டேட்டை மாற்ற யூஸ்ஸ்டேட் தரும் செட்டரிடம் கொடுத்தால் போதும். இஎஸ்லின்ட் இதை முன்கூட்டியே சொல்லும். ஆனால் அந்த விதியை முடக்கும் கமென்ட் மேலே இருக்கும். மதிப்பாய்வில் அந்தக் கமென்டைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.